அஞ்சலைக்கு ஒரு கட்டில்

ஜூன் 3, 1946. திங்கள்.

காலையிலிருந்தே புழுக்கம். கடற்காற்று பன்னிரண்டு மணி வரை எட்டிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு வாரம். செய்ய வேண்டியவை: மூன்றாம் வகுப்புப் பாடக்குறிப்பு. குடைக்கம்பி. அண்ணன் சட்டைக்குப் பித்தான். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கல் (இது முடிகிற வேலையா?).

கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கீரைக்காரத் தனம் வந்தாள். கூடையை இறக்கினாள். கீரை வேணுமா என்று கேட்கவில்லை. அப்போதே தெரிந்தது, வேறு விஷயம் என்று. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள், ஏழு வயது, அஞ்சலை. என்ன கண் அந்தப் பெண்ணுக்கு! ஒரே சுற்று. மாதா படம், அண்ணன் செருப்பு, அரிசிமுறம், எல்லாம் பார்த்தாகிவிட்டது. நேராக வந்து என் எதிரே உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். என்னைவிட வேகம்.

தனம் சொன்னது: "பேச்சு வர்ல டீச்சரம்மா. ரெண்டு இஸ்கோலுக்கு இஸ்துக்கினு போனேன். ஒரு வாத்தியாரு பின்னால நின்னு பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. திரும்பல. மண்டு, இட்டுக்கினு போன்னுட்டாரு. இன்னொருத்தரு அதுகூடச் சொல்லல. வாசப்பக்கம் கையக் காமிச்சாரு."

அவளைப் பின்கட்டில் கீரை ஆயச் சொல்லி அனுப்பிவிட்டு, நான் அஞ்சலையின் முதுகுப்பக்கம் போய்க் கை தட்டினேன். செம்பைத் தட்டினேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. அஞ்சலை கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மண்டு இல்லை. காது கேட்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாத்தியாருக்கு என்ன கஷ்டம்?

போன வருஷம் தையற்காரரின் பையனைக் குருட்டுப் பள்ளியில் சேர்த்துவிட்டதிலிருந்து எனக்கு இந்தப் பெயர். "டீச்சரம்மாகிட்ட போ, காயிதம் எழுதிக் குடுப்பாங்க." அண்ணன் சாயங்காலம், "நீ வாத்தியாரா, வக்கீல் குமாஸ்தாவா?" என்றார். பித்தான் இன்னும் தைக்கவில்லை என்ற கோபம். தைத்தேன்.

ஜூன் 4. செவ்வாய்.

கா. 9. காது கேளாத பிள்ளைகளுக்குக் கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம். கடற்கரைப் பக்கம், வேப்பமரம், சுத்தமான முற்றம். தலைமைக் கன்னியரான மதர் அரை மணி காக்க வைத்தார். பிறகு காபி கொடுத்தார். அந்த அரை மணியை மன்னித்தேன்.

நிலவரம்: பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஒரே ஒரு கட்டில் காலி. எட்டு வயது தாண்டினால் புதிதாக எடுப்பதில்லை. அஞ்சலைக்கு ஐப்பசியில் எட்டு. இந்த வருஷம் தவறினால் தவறியதுதான்.

15ஆம் தேதிக்குள் வேண்டியவை:
1. பிறப்புப் பதிவு நகல் (கார்ப்பொரேஷன்).
2. அம்மை குத்திய சீட்டு.
3. காது டாக்டர் சர்டிபிகேட்.
4. தகப்பன் கையொப்பம் அல்லது கைநாட்டு.

வெளியே வரும்போது முற்றத்தில் பிள்ளைகள். சத்தமில்லாமல் அவ்வளவு சண்டை, அவ்வளவு சிரிப்பு. கைகள் பறக்கின்றன. "வகுப்பில் கையை அசைக்க விடமாட்டோம். உதட்டைப் பார்த்துப் பேசத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்" என்றார் மதர். "முற்றத்தில்?" என்றேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார்.

ஜூன் 5. புதன்.

நான்காம் இலக்கத்தில் தகராறு. தகப்பன் முனுசாமி, கை ரிக்ஷா இழுப்பவன், அடையாற்றுக் குப்பத்திலிருந்து வண்டியோடு வந்து என் வாசலில் நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கேக்குறேன்னு கோச்சிக்காதீங்கோ. கன்யாஸ்திரீங்க கைல பொண்ணக் குடுத்தா அவங்க வேதத்துல சேத்துடுவாங்களாமே? குப்பத்துல அல்லாரும் சொல்லிக்கினு கீறாங்கோ."

சுருக்கென்றது. என் வீட்டு வாசலில், என் மாதா படத்துக்கு எதிரே! ஏதோ காரமாகச் சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் யோசித்தேன். எனக்கு ஒரு பெண் இருந்து அவளை வேறு யாரிடமாவது விட்டால் இதைத்தானே முதலில் கேட்பேன்? கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவன் வண்டியிலேயே ஏறி மதரிடம் போனோம். (அடேயப்பா, இவன் வேகம்! தொப்பி போட்ட துரை ஒருவர் கையை நீட்டினார், நிற்கவில்லை.) மதர் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "உன் பெண் உன் பெண்ணாகவே திரும்பி வருவாள். உன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் ஒன்றும் செய்யமாட்டோம்." அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு கட்டைவிரலை நீட்டினான்.

அம்மைச்சீட்டும் தனத்தின் தகரப்பெட்டியிலேயே இருந்ததாம். நாளை கார்ப்பொரேஷன்.

ஜூன் 6. வியாழன்.

தனத்தோடு டிராமில் நின்றுகொண்டே பயணம். வியர்வை. கால்வலி. ஆனாலும் இன்று நல்ல நாள்.

பிறப்புக் குமாஸ்தா, வெற்றிலை வாய், "பேர்?" என்றார். அஞ்சலை. "அப்படி யாரும் பொறக்கலையேம்மா." குடிசையில் பிறந்த பிள்ளைக்கு மருத்துவச்சி பெயர் எழுதவில்லை, "பெண்" என்று மட்டும். தகப்பன் பெயர் முனுசாமி. அந்தப் பக்கத்தில் முனுசாமிகளுக்கா பஞ்சம்? தேதி என்ன என்றார். தனத்துக்குத் தேதி தெரியாது. "ஆத்துத் தண்ணி குட்சைக்குள்ள பூந்துச்சே, அதுக்கு மறாநாளு" என்றாள்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மழையா? சைதாப்பேட்டைல எங்க வீட்டுக்குள்ளயும்தான் வந்துது. அம்மிக்கல்லு மட்டும்தான் மிஞ்சிச்சு." அதற்கப்புறம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பதிவைக் கண்டுபிடித்து, பெயர்க் கட்டத்தில் "அஞ்சலை" என்று சேர்த்து, நகலும் கொடுத்துவிட்டார். புண்ணியவான். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். சர்வேசுரனுக்குத் தெரியும்.

திரும்பும்போது தனம் நகலை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நனைந்துவிடும் என்று வாங்கிக்கொண்டேன். ஒரு பேச்சுக்கு, "நாளை டாக்டர் மணி அடித்துப் பார்ப்பார், பெண்ணுக்கு வயிறார ஊட்டிக் கூட்டி வா" என்றேன். அதோடு விட்டேன்.

ஜூன் 7. வெள்ளி.

எழுதவே பிடிக்கவில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரி. கா. 7க்கே வரிசை. 11க்கு உள்ளே. டாக்டர் நடுவயது, அவசரக்காரர், ஆனால் மரியாதை உண்டு. அஞ்சலையைத் தாய்க்கு எதிரே முக்காலியில் உட்காரச் சொன்னார். பயப்படாமல் இருக்குமாம். அவர் முதுகுப்பக்கம் போய் மணி அடித்தார்.

அஞ்சலை திரும்பினாள்.

தகர டப்பாவைத் தட்டினார். திரும்பினாள். நாலு தடவை, நாலு தடவையும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"காது நன்றாக இருக்கிறதே அம்மா. பேச்சு வராததற்குப் புத்திக் குறைவுதான் காரணம். கேட்கிற பிள்ளையைச் செவிட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா?" இங்கிலீஷில் மூன்று வரி. செவிப்புலன் உண்டு. புத்தி மந்தம். கையெழுத்து. முத்திரை.

தனத்தின் முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம். "முடிஞ்சிதா டீச்சரம்மா? நல்லாப் பண்ணாளா?" எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அன்று செம்பைத் தட்டியபோது திரும்பாதவள் இவள்தானே? என் கண்ணை நான் நம்புவதா, முத்திரையை நம்புவதா? எல்லாம் தெரிந்த மாதிரி குப்பத்துச் சனத்தைக் கார்ப்பொரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இழுத்தடித்தேனே. பெரிய டீச்சரம்மா!

ஜூன் 8. சனி.

பகலில் இடியோடு ஒரு மழை. கொடியில் இருந்த துணி எல்லாம் நனைந்தது.

மதரிடம் சீட்டைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "டாக்டர் இப்படி எழுதினால் நான் எப்படி எடுப்பேன்? அடுத்து வேறொரு பெண்ணின் பெயர் இருக்கிறது. 15 சாயங்காலம் வரை கட்டிலை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது." கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

தனம் இன்று கீரை கொண்டுவரவில்லை. அண்ணன் தானே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். குடித்தேன்.

ஜூன் 9. ஞாயிறு. இஸ்பிரீத்துசாந்து, பரிசுத்த ஆவி இறங்கிய திருநாள்.

அப்போஸ்தலர்கள் எல்லாருக்கும் புரிகிற பாஷையில் பேசியதைப் பற்றிச் சாமியார் நீளமான பிரசங்கம். மனம் அதில் இல்லை. பூசை முடிந்து நேரே அடையாற்றுக் குப்பம். நல்ல சேலையில் சேறு.

தனம் ஆற்றங்கரையில் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "காது கேட்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டார். அதனால் பள்ளிக்கூடத்தில் எடுக்கமாட்டார்கள்."

"இன்னாது?" என்றாள். "கேட்டா எடுக்கமாட்டாங்களா?"

"கேட்காத பிள்ளைகளுக்குத்தானே அந்தப் பள்ளிக்கூடம்!"

குடம் கையிலிருந்து விழுந்தது. பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, நாந்தான் டீச்சரம்மா, நாந்தான், கஸ்மாலம்!"

விஷயம் இது. அந்த முதல் வாத்தியார் விரட்டிய நாளிலிருந்து தனம் பெண்ணைப் பழக்கியிருக்கிறாள். தான் மூக்குத்தியைத் தொட்டால் அஞ்சலை உடனே திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம். தினமும் கீரை கட்டும்போது. வேறொரு இஸ்கோலுக்குப் போனால் விரட்டக் கூடாதே என்று. ஆஸ்பத்திரியில் மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூக்குத்தியைத் தொட்டிருக்கிறாள். நான் பிள்ளையையும் டாக்டரையும்தான் பார்த்தேன். தாயைப் பார்க்கவில்லை.

"எங்க போனாலும் கேக்கலன்னுதானே தொரத்துனாங்க? கேக்கலன்னா எடுப்பாங்கன்னு ஒரு எடம் கீதுன்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

யார் சொல்லியிருக்க வேண்டும்? நான். நான்கு காகிதத்தையும் பட்டியல் போட்டு வாசித்துக் காட்டினேன். மூன்றாவது காகிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும், எதற்காக என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினான்கு வருஷமாக வாத்தியார் வேலை!

சொன்னேன், "தப்பு என்மேல்" என்று. அவள் ஒப்பவில்லை. நான் ஒப்பவில்லை. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்து வழக்காடிக்கொண்டிருக்க, அஞ்சலை ஓடிவந்து குடத்தை நிமிர்த்தி வைத்தாள். புத்தி மந்தமாம்!

ஜூன் 10. திங்கள்.

தனியாக ஆஸ்பத்திரி. டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஏமாற்றுக்காரி என்று தனத்தை விரட்டுவாரோ என்று பயம்.

முதலில் சிரித்தார். "மூக்குத்தியா!" பிறகு சிரிப்பு நின்றது. சீட்டை வாங்கி மேஜைமேல் வைத்து மறுபடி படித்தார். "தாயின் சைகையை இவ்வளவு சரியாகப் பிடிக்கிற பிள்ளைக்கு மந்தம் என்று எழுதியிருக்கிறேன். நான்தான் தாயை விலகி உட்காரச் சொல்லியிருக்க வேண்டும்." அந்தச் சீட்டை அவரே இரண்டாகக் கிழித்தார். புதன்கிழமை வரச் சொன்னார், வரிசையில் நிற்காமல்.

பெரிய மனிதர்கள் தப்பை ஒப்புக்கொண்டு நான் அதிகம் பார்த்ததில்லை. இவருக்காக ஒரு செபமாலை.

ஜூன் 12. புதன்.

டாக்டர் தாயை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தியதும் அஞ்சலை முக்காலியிலிருந்து குதித்துக் கதவைப் பிறாண்டினாள். வேறு வழியில்லை. தனத்தை உள்ளே கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். "கை மடியில். முகத்தில் அசைவு கூடாது. என்ன நடந்தாலும்."

மணி.

அஞ்சலை தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தனம் அசையவில்லை.

டப்பா. பிறகு ஒரு பெரிய தாம்பாளம். எனக்கே காது அடைத்தது. அஞ்சலைக்கு ஒன்றுமில்லை. ஆனால் டாக்டரின் நிழல் சுவரில் அசைவது தெரிந்துவிட்டது. ஏதோ நடக்கிறது, திரும்ப வேண்டிய சமயம், அம்மா ஏன் மூக்குத்தியைத் தொடவில்லை? தாயின் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாகத் தன் விரலைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். மறந்துவிட்டாயா அம்மா என்கிற மாதிரி.

தனம் இரண்டு கையையும் முந்தானைக்குள் முறுக்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் இறங்குகிறது, துடைக்கவில்லை. அஞ்சலை தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். "போதும்" என்றார் டாக்டர்.

புதிய சீட்டு: இரு காதும் கேளாது. புத்தி கூர்மை. இரண்டாவது வரியை யாரும் கேட்கவில்லை, அவராகவே எழுதினார்.

டிராம் நிறுத்தத்தில் தனம், மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு: "எம் பொண்ணு செவுடு. ஏழு வருசமா இந்த வார்த்தைய வாய்ல எடுத்ததில்ல டீச்சரம்மா. இன்னிக்கு கவர்மெண்டு முத்திரையோட வாங்கிக்கினு போறேன்." அழுதாள், கொஞ்சம் சிரித்தாள். வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். மூன்று பேரும் தின்றோம்.

ஜூன் 13. வியாழன்.

மதரிடம் நான்கு காகிதமும் கொடுத்தாயிற்று. கட்டில் அஞ்சலைக்கு. 17 காலை சேர்க்கை. மதரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ உளறினேன். "காபி குடியுங்கள்" என்றார்.

கொண்டுபோக வேண்டியவை: பாவாடை சட்டை நான்கு. தட்டு, டம்ளர். போர்வை. சீப்பு. (பாவாடை இரண்டு நான் தைக்கிறேன். அண்ணனின் பழைய வேட்டி உள்பாவாடைக்கு. அண்ணனிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.)

எனக்கு ஒரு குறிப்பு, அடுத்தமுறை எந்தத் தாய் வந்தாலும்: காகிதம் எதற்கு என்று முதலில் சொல். பட்டியல் அப்புறம்.

ஜூன் 17. திங்கள்.

என் பள்ளிக்கூடமும் இன்றுதான் திறப்பு. தலைமையாசிரியை அரைநாள் விடுப்புக் கொடுத்தார், முணுமுணுக்காமல். இதுவும் நன்றிக் கணக்கில்.

முனுசாமி தன் ரிக்ஷாவைக் கழுவி, சக்கரத்துக்கு மஞ்சள் தடவி, பெண்டாட்டியையும் மகளையும் ஏற்றி இழுத்து வந்தான். தனம் இதுவரை அதில் ஏறினதே இல்லையாம். "ஒடம்பெல்லாம் கூசுது" என்று வெட்கப்பட்டுக்கொண்டே, சாமான் கூடையை இடுப்பில் ஏந்தி இறங்கினாள்.

கட்டிலைப் பார்த்தோம். ஜன்னல் பக்கம். அஞ்சலை ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். புதிய பாவாடை, மற்றப் பிள்ளைகள், எல்லாம் கொண்டாட்டம். அம்மாவும் கூடவே தங்குவாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அப்போதுதான் நாங்கள் கவனித்தோம்.

தனம் என் பக்கம் திரும்பினாள். "நான் ஞாயித்துக்கெயமை வருவேன்னு இதுக்கு எப்டி டீச்சரம்மா சொல்றது?"

எப்படி? வா, போ, சோறு, தண்ணீர், இதற்கெல்லாம் அவர்களுக்குள் சைகை உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு? வருவேனுக்கு? ஏழு வருஷத்தில் கண்ணுக்கு முன்னால் இல்லாத எதையும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "உட்டுட்டுப் பூட்டான்னு நெனச்சிக்கும். அம்மா தொலச்சிட்டான்னு நெனச்சிக்கும்." வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று மகளின் கையைப் பிடித்துவிட்டாள். முனுசாமி சுவரைப் பார்த்து நின்றான். நான்கு காகிதத்துக்கு ஊரெல்லாம் சுற்றிய நான் இதை யோசிக்கவே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரிய பெண், பதினான்கு வயதிருக்கும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள், இறங்கி வந்தாள். அஞ்சலையின் தாடையைத் திருப்பித் தன்னைப் பார்க்க வைத்தாள். தனத்தைக் காட்டினாள். கன்னத்தில் உள்ளங்கை வைத்துக் கண்மூடினாள், ஒரு விரல் மடக்கினாள். திரும்பவும் கன்னம், திரும்பவும் ஒரு விரல். ஆறு தடவை. பிறகு முக்காடு போட்டு, கைகூப்பி, முழங்காலிட்டாள். கோவில். பிறகு கேட்டைக் காட்டினாள். தனத்தைக் காட்டினாள். தனம் நடந்து வருகிற மாதிரியே, இடுப்பில் கூடையோடு, நடந்து காட்டினாள்.

அறைக்குப் பொறுப்பான சிஸ்டர் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போய்விட்டார். திரை சரியாகத்தான் இருந்தது.

அஞ்சலை அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டவும் இல்லை, அழவும் இல்லை. புரிந்ததா? யாருக்குத் தெரியும். தனம் கையை விட்டாள். அந்தப் பெண்ணைக் கும்பிட்டாள். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பும்போது வண்டியில் ஏறவும் மாட்டேன் என்றுவிட்டாள். காலி வண்டியை இழுத்துக்கொண்டு முனுசாமி அவள் பக்கத்திலேயே நடந்தான்.

ஜூன் 20. வியாழன்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். தொண்டை கட்டியது. தனம் முளைக்கீரையைக் கொடுத்துவிட்டு அரைக்கீரை என்றாள். "சோறு எறங்கல டீச்சரம்மா. கேட்டாண்ட நின்னு அயுதுக்கினு கீதோ இன்னாவோ." வாரநாளில் போகக் கூடாது என்று விதி. எனக்கும் போகத்தான் கால் துடிக்கிறது.

ஜூன் 23. ஞாயிறு.

பார்க்கிற நேரம் மா. 3. தனம் 2 மணிக்கே என் வாசலில், குளித்து, பூ வைத்து. முனுசாமிக்குச் சவாரி, பிறகு வருவான். வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நடக்கவில்லை, ஓடினாள். நான் குடையோடு பின்னால்.

திருப்பத்திலேயே தெரிந்தது. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை. தனத்துக்குக் கால் நின்றுவிட்டது. "சொன்னேனே, வாரம் பூரா இங்கயே நின்னு அயுதுக்கினு கீது, சொன்னேனே."

சிஸ்டர் வந்து கேட்டைத் திறந்தார். "அழவே இல்லையே அம்மா. ஆறு நாளும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பிட்டாள், விளையாடினாள், தூங்கினாள். இன்று காலை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்ததும் ஓடிவந்து இங்கே நின்றவள்தான். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை."

தனம் உடனே போய்த் தூக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா. நான் வருவேன்னு இதுக்குத் தெரிஞ்சிகீது. அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல, அத்த இது கேட்டுகீது."